கருப்பெல்லாம் ஒரு கலரா? ஒரு பிரஸ்காரனின் அனுபவம்

அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பில் புக் அடிக்க வந்திருந்தார். மேலே கடைப் பெயரும் சாமி படமும் சிவப்பில், கீழே கட்டங்களும் எழுத்துகளும் கருப்பில். இரண்டு கலர் ரேட் எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, கருப்பெல்லாம் ஒரு கலரா? சிவப்பு ஒண்ணுதானே கலரு. கருப்பு வெள்ளை படம், கலர் படம்னு ஊரே பிரிச்சுத்தான பேசுது. ஒரு கலர் ரேட்டு போடுங்க" என்றார்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. "எல்லா பிரஸ்லயும் இப்படித்தான் அண்ணாச்சி" என்றேன். அது பதிலே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சரி என்று மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுடையது ஒரு நேரத்தில் ஒரு கலர் மட்டும் ஓட்டுகிற மினி ஆஃப்செட். வேறு யாருக்கோ நோட்டீஸ் கருப்பில் ஓடி முடிந்திருந்தது. மெஷின்மேன் எழுத்தும் படமும் பதிந்திருக்கும் பிளேட்டைக் கழற்றி, மைத்தொட்டியை வழித்து, உருளைகளில் கெரசின் ஊற்றிக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்தது மஞ்சள் ஓடவேண்டும். கருப்புக்குப் பின்னால் மஞ்சள் என்றால் இரண்டு மூன்று தடவை கழுவினாலும் போதாது, உருளையின் ஓரத்தில் பொட்டளவு கருப்பு தங்கியிருந்தாலும் மஞ்சள் அழுக்காகிவிடும். அதைக் காட்டி, "கருப்பு கலரே இல்லைன்னா இந்த மஞ்சளை எப்படி அண்ணாச்சி கெடுக்கும்?" என்று கேட்டேன். அப்புறம் கணக்கையும் சொன்னேன். ஒரு கலருக்கு ஒரு பிளேட், ஒரு கழுவல், தாளை ஒரு தடவை ஓட்டுவது. சிவப்புக்கு என்ன செலவோ அதேதான் கருப்புக்கும். கருப்பு மை கிலோவுக்குக் கொஞ்சம் விலை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணாச்சி இரண்டு கலருக்கே பணம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தத் தொழிலில் எனக்கு விழுந்த பெரிய நஷ்டங்கள் எல்லாமே கருப்பால் வந்தவை. கருப்புதானே, அது பாட்டுக்கு வந்துவிடும் என்று நான் இருந்ததால் வந்தவை.

சிவகாசியில் ஒரு பெரிய பிரஸ்ஸில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் சொந்தமாகச் சின்னதாக ஆரம்பித்தேன். அங்கே ஆடி 18 அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கு முந்தின மாதங்களில் ராத்திரி பகல் கிடையாது. அப்படி ஒரு ராத்திரி சீனியர் மெஷின்மேன் அண்ணனிடம் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன். சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற ரோஸ் சிவப்பு, மஞ்சள் மூன்றையும் சேர்த்தால் கருப்பு வரும் என்று படித்திருந்தேன். அப்படியென்றால் நாலாவது மை எதற்கு? அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று டப்பாவிலிருந்தும் கொஞ்சம் மை எடுத்து ஒரு தகட்டில் வைத்துக் கத்தியால் நன்றாகக் குழைத்து, விரலால் தொட்டு வேஸ்ட் தாளில் இழுத்தார். அசல் சாணிக் கலர். பக்கத்திலேயே கருப்பு மையைத் தொட்டு ஒரு இழுப்பு. "எது கருப்பு, நீயே சொல்லு" என்றார்.

காரணத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். புத்தகக் கணக்குப்படி நீல மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்கவேண்டும், மெஜந்தா பச்சையை மட்டும், மஞ்சள் நீலத்தை மட்டும். மூன்றும் சேர்ந்தால் எல்லாம் விழுங்கப்பட்டுக் கருப்பு மிஞ்சவேண்டும். உண்மையான மை எதுவும் அவ்வளவு சுத்தமில்லை. மெஜந்தா கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்கும், நீல மையும் தன் பங்குக்கு வேறு எதையாவது விழுங்கும், அதனால் கூட்டுத்தொகை பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். சயான், மெஜந்தா, யெல்லோ, கருப்பு என்ற இந்த நாலு மையையும் சுருக்கி சி, எம், ஒய், கே என்பார்கள். அதில் கே என்றால் 'கீ'. மற்ற மூன்று கலரும் எதற்கு ஒத்துப்போகவேண்டுமோ அந்தப் பிளேட் என்று அர்த்தம். படத்தின் கோடு, ஆழம், எழுத்து எல்லாம் அதில்தான் இருக்கும். படம் தாளில் பொடிப்பொடிப் புள்ளிகளாகத்தான் விழும். நாலு கலர் புள்ளிகளை ஒரே கோணத்தில் வைக்கக்கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு கோணத்தில் சாய்ப்பார்கள், அதில் கருப்புக்கு 45 டிகிரி ஒதுக்குவது வழக்கம். நம் கண்ணுக்குப் புள்ளி வரிசை குறைவாகத் தெரிவது அந்தக் கோணத்தில்தான், கருப்புதான் நாலிலும் உறுத்தலான கலர், அதனால் அதை அங்கே ஒளித்துவைக்கிறார்கள். இவ்வளவு யோசித்து இடம் ஒதுக்கின ஒன்றைக் கலர் இல்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் சொன்னதும் பொய்யில்லை. நியூட்டன் முப்பட்டகத்தில் பிரித்த ஒளியில் கருப்பு கிடையாது. ஒளி இல்லாத இடம் கருப்பு, அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் வருவதற்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். ஆனால் தாளில் இருப்பது இருட்டு இல்லை, கரி. அரைகுறையாக எரியவிட்டுப் பிடித்த புகைக்கரியை எண்ணெயிலும் பிசினிலும் அரைத்ததுதான் இன்றைக்கும் கருப்பு மை. எங்களிடம் புரூஃப் பார்க்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு நாள் சொன்னார், மை என்ற சொல்லுக்கே கருமை என்றும் பொருள் உண்டு என்று. கண்மை, மையிருட்டு என்கிறோமே. மற்றதுக்கெல்லாம் சிவப்பு மை, பச்சை மை என்று அடைமொழி வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மேலே விளக்குக்கரி தடவித் துடைத்தால்தான் கீறலில் கருப்பு தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டால் கருத்துப்போகும், அதுவும் பழைய மைதான். தொல்காப்பியத்திலேயே கறுப்பும் சிவப்பும் கோபத்தைக் குறிக்கும் என்று சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்தில் நிறத்தையும் குறிக்கும் என்று வருகிறதாம். தொல்காப்பியர் கருப்பைச் சிவப்புக்குப் பக்கத்தில் சமமாக உட்காரவைத்திருக்கிறார். (கறுப்பா கருப்பா என்று அந்தத் தமிழாசிரியரோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. அவர் வல்லின றகரத்தை விடமாட்டார். நான் பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிறவர், எழுதிக்கொடுத்தபடி அடித்துப் பழகியவன்.)

சரி, நஷ்டக் கதைக்கு வருகிறேன்.

சொந்த பிரஸ் ஆரம்பித்த இரண்டாவது வருஷம் ஒரு கவிதைப் புத்தகம் வந்தது. அட்டை முழுக்கக் கருப்பு, நடுவில் வெள்ளையில் தலைப்பு, மூலையில் சின்னதாக ஆசிரியர் பெயர், வேறொன்றும் இல்லை. நல்ல டிசைன். ஒரே கலர்தானே, லேசான வேலை என்று சந்தோஷமாக ரேட் சொன்னேன். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல், அதாவது கருப்பு 100 சதவீதம் வைத்து, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் அட்டையில் ஓட்டினேன். காய்ந்த பிறகு எடுத்து வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கிவிட்டது. அது கருப்பே இல்லை. நாலு மழைக்காலம் பார்த்த குடைத் துணி மாதிரி வெளுத்த கருஞ்சாம்பல். அங்கங்கே ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் திட்டுத்திட்டாக. ஆஃப்செட்டில் தாளில் ஏறும் மையின் கனம் ஒரு மைக்ரான், மிஞ்சிப்போனால் இரண்டு. எழுத்துக்கு அது தாராளம், சுற்றிலும் வெள்ளை இருப்பதால் கண் அதைக் கருப்பு என்று ஒப்புக்கொள்ளும். பெரிய பரப்பில் அந்த ஒரு அடுக்கு போதாது. உள்ளே போன வெளிச்சம் தாளில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருந்தால் அட்டை நஷ்டத்தோடு போயிருக்கும். எனக்கு வீராப்பு. டிசைன் செய்த பையனைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே அடர்த்தியான கருப்பைப் போடு என்றேன். அவன் சாஃப்ட்வேரில் கலர்களை அடுக்கியிருக்கும் ஸ்வாட்ச் வரிசையில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று இருந்த கருப்பை எடுத்துப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டரில் பார்க்க அதுவும் நல்ல கருப்பாகத்தான் இருந்தது. உண்மையில் அது கலரே கிடையாது, வெட்டுக்குறிகள் நாலு பிளேட்டிலும் விழுவதற்காக வைத்திருப்பது. நாலும் 100, மொத்தம் 400 சதவீதம். நாலு கலர் மெஷின் வைத்திருந்த ஒரு பிரஸ்ஸில் ஜாப் வொர்க்குக்குக் கொடுத்தேன். அங்கேயும் ராத்திரி ஷிஃப்டில் யாரும் கவனிக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. பிரித்தால் சர்ரென்று சத்தம். ஒன்றின் கருப்பு அடுத்ததன் முதுகில். இதைத்தான் செட் ஆஃப் என்பார்கள். தாள்கள் ஒட்டாமல் இருக்க எவ்வளவு பவுடர் அடித்திருந்தாலும் அந்த ஈரத்துக்குக் காணாது. நடுவில் வெள்ளையாக விடப்பட்டிருந்த தலைப்பின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் கசிந்து, ஆசிரியர் பெயர் படிக்கவே முடியவில்லை.

மூன்றாவது தடவை அடித்துக் கொடுத்தேன். அந்த வேலையில் எனக்கு வரவேண்டியது எதுவும் வரவில்லை, கையிலிருந்துதான் போனது. பணத்தைவிட, அந்தக் கவிஞர் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் எல்லாம் கொடுத்துவிட்டு தினமும் காலையில் பிரஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

மூன்றாவது தடவை போட்ட கணக்கைச் சொல்கிறேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கருப்புப் பரப்பு என்றால் கருப்பு 100, அடியில் நீலம் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40. மொத்தம் 240. வழவழப்பான ஆர்ட் பேப்பர் 300 வரைக்கும் தாங்கும், நியூஸ்பிரிண்டுக்கு 240ஐத் தாண்டக்கூடாது, புத்தகத்துக்குள் போடும் மேப்லித்தோ தாள் நடுவில். ஆனாலும் உங்கள் பிரஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் மெஷினும் அவர் வாங்கும் தாளும் அவருக்குத்தான் தெரியும். நாலு கலருக்குப் பணம் இல்லை என்றால் வேறு வழி இருக்கிறது. முதலில் 40 முதல் 60 சதவீதம் நீலத்தைப் பரப்பாக ஓட்டிவிட்டு அதன்மேல் கருப்பு. எங்கள் ஊர் மெஷின்மேன்கள் அடி நீலம் கொடுக்கிறது என்பார்கள். இரண்டே கலர், ஆனால் கருப்பு குளிர்ச்சியாக ஆழமாக நிற்கும். நீலத்துக்குப் பதில் மெஜந்தா கொடுத்தால் கதகதப்பான கருப்பு. இரண்டையும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கருப்பிலும் வகை உண்டு என்று முதன்முதலாக என் கண்ணால் பார்த்தேன். அதுவரைக்கும் கருப்பு என்றால் கருப்பு என்றே நினைத்திருந்தேன்.

வெள்ளை எழுத்து உள்ளே வருகிறது என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அடியில் இருக்கும் மூன்று கலரும் தலைமுடி அளவு நகர்ந்தாலும் எழுத்துக்குள் புகுந்துவிடும். சின்ன எழுத்தை, அதிலும் மெல்லிய ஃபாண்ட்டை, இப்படிக் கருப்புக்குள் வெள்ளையாக விடாதீர்கள். தமிழில் ழ, ண, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்துகள் முதலில் அடைத்துக்கொள்ளும். விட்டே ஆகவேண்டும் என்றால் எழுத்தைத் தடியாக்குங்கள், அல்லது அடி நீலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் காட்டுவதை நம்பிப் போனதுதான் இதிலெல்லாம் முதல் தப்பு. டிசைன் செய்கிற இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர் இரண்டிலும் ப்ரிஃபரன்ஸஸில் 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' என்று ஒன்று இருக்கிறது. அது ஆரம்பத்தில் எல்லாக் கருப்பையும் ஒரே மாதிரி அடர்கருப்பாகக் காட்டும்படிதான் இருக்கும். அதைத் துல்லியமாகக் காட்டு என்று மாற்றிவையுங்கள். உடனே உங்கள் வெறும் 100 கருப்பு சாம்பலாகத் தெரியும். பயப்படவேண்டாம், தாளில் அதுதான் வரப்போகிறது.

அட்டைக்கு ஒரு கருப்பு போதாது என்று படித்துக்கொண்ட நான், அடுத்த வருஷமே எழுத்துக்கு நாலு கருப்பு போட்டு அடிபட்டேன். ஒரு சங்கத்தின் ஆண்டு மலர். பார்ட்டியே ஃபோட்டோஷாப்பில் பக்கம் பக்கமாகச் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். கருப்பு எழுத்துதானே என்று திறந்துகூடப் பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்பிவிட்டேன். திரைக்கான கலரில், அதாவது ஆர்ஜிபியில் செய்த கருப்பைச் சாதாரண செட்டிங்கில் மாற்றினால் ஃபோட்டோஷாப் அதை நீலம் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று பிரித்துவிடும். கூட்டினால் 300. எட்டுப் பாயிண்ட் எழுத்து ஒவ்வொன்றும் நாலு தடவை, ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். எங்களைப் போல ஒவ்வொரு கலராக ஓட்டுகிறவர்களுக்கு இது நடக்காத காரியம். மெஷினில் மையோடு ஓடும் தண்ணீர் பட்டுத் தாள் விரியும், காய்ந்து சுருங்கும், மறுநாள் அதே தாள் அதே அளவில் இருக்காது. புத்தகம் கைக்கு வந்தபோது எழுத்தெல்லாம் ஒரு பக்கம் ரோஸ் நிழல், ஒரு பக்கம் நீல நிழல். சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, என் கண்ணாடியை மாத்தணுமோன்னு நினைச்சேன்" என்று சொன்னார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். தலைகுனிந்து நின்றேன்.

அதிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, 'அவுட்புட் பிரிவியூ' போய், கருப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துப் பார்ப்பேன். எழுத்து முழுவதும் மறைந்துவிடவேண்டும். பேய் மாதிரி மங்கலாக எழுத்து மிச்சம் நின்றால் அது நாலு கலர் கருப்பு, திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிஷம் ஆகும். வேர்டில் டைப் செய்து கொண்டுவருகிறவர்களுடைய கருப்பும் பெரும்பாலும் ஆர்ஜிபி கருப்புதான், அதையும் இப்படிப் பார்க்கவேண்டும். சாம்பல் எழுத்து கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், சாம்பலுக்குத் தனி மை கிடையாது. கருப்பைப் புள்ளியாக்கித்தான் சாம்பல். சின்ன எழுத்தைப் புள்ளியால் அடித்தால் ஓரம் பிசிறடிக்கும், அழகுக்காகப் படிக்கிறவர்களைச் சோதிக்கவேண்டாம்.

டிசைன் சாஃப்ட்வேரில் ஓவர்பிரிண்ட் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, டிக் செய்வதும் எடுப்பதும் ஒரு நொடி வேலை. மஞ்சள் பின்புலத்தில் கருப்பு எழுத்து வந்தால், எழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சளை வெட்டாமல் அதன் மேலேயே கருப்பை ஓட்டவேண்டும். வெட்டிவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். கருப்பு ஒன்றுதான் எந்தக் கலர் மேலே விழுந்தாலும் தன் குணத்தோடு நிற்கும், அதனால்தான் அதற்கு இந்த உரிமை. ஆனால் பெரிய தலைப்பு எழுத்து பாதி படத்தின் மேலேயும் பாதி வெள்ளையின் மேலேயும் வந்தால் ஓவர்பிரிண்ட் வைக்காதீர்கள். படத்தின் மேல் இருக்கும் பாதி ஆழமாகவும் வெள்ளை மேல் இருக்கும் பாதி வெளிறியும், ஒரே எழுத்துக்குள் இரண்டு கருப்பு தெரியும். வெள்ளை எழுத்துக்குத் தவறி ஓவர்பிரிண்ட் வைத்தால் எழுத்தே காணாமல் போய்விடும். அதுவும் ஒரு தடவை நடந்தது, நல்லவேளை புரூஃபிலேயே பிடித்துவிட்டோம்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் கருப்பு என்னை ஏமாற்றியது ஒரு கல்யாணப் பத்திரிகையில்.

அந்த அம்மா எங்கள் தெரு. மகளுக்குக் கல்யாணம். "பாரு தம்பி, எல்லாம் உன் விருப்பம், ஆனா ஒரு பொட்டு கருப்பு இருக்கக்கூடாது" என்றார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கருமாதிப் பத்திரிகை கருப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கருப்பு, சுபகாரியம் என்றால் மெரூன், சிவப்பு, கரும்பச்சை, தங்கம். நாலு முனையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கும் பத்திரிகையில் கருப்பு எழுத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். அம்மா ஆல்பத்தில் நல்ல இலைப்பச்சை அட்டையைத் தேர்ந்தெடுத்தார். அதில் மெரூனில் எழுத்து. ஐந்நூறு பத்திரிகை. உருளையை நானே பக்கத்தில் நின்று கழுவவைத்தேன், கருப்பு வாடையே இருக்கக்கூடாது என்று.

அடித்து வந்ததை எடுத்துப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கருப்புல அடிச்சிட்டியேப்பா" என்றார். இல்லவே இல்லை என்று மை டப்பாவைத் திறந்து காட்டினேன், மெரூன்தான். பத்திரிகையைப் பார்த்தேன், கருப்புதான். இரண்டும் உண்மை. ஆஃப்செட் மை கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதை மறைக்காது. பச்சை அட்டை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிட்டுப் பச்சையை மட்டும்தான் திருப்பி அனுப்பும். மேலே இருக்கும் மெரூன் அந்தப் பச்சையை விழுங்கும். வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை. 

பள்ளிக்கூடத்தில் சொன்ன கருப்பு, ஒளி இல்லாத கருப்பு, அதுதான் அன்றைக்கு என் மேஜைமேல் இருந்தது. ஒரு துளிக் கருப்பு மை இல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மாவிடம் போய் அது கருப்பு மை இல்லை, கருப்பு மாதிரி தெரிகிறது என்று வாதாட எனக்கு மனசு வரவில்லை. அவர் பார்ப்பது டப்பாவை இல்லை, பத்திரிகையை. வாங்கிக்கொண்டு போய் முதல் பத்திரிகையைச் சாமி முன்னால் வைக்கப்போகிறவர். சந்தன நிற அட்டை வாங்கி, அதே மெரூனில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதே டப்பா மை. செக்கச்செவேல் என்று நின்றது.

அன்றிலிருந்து கலர் அட்டையில் கலர் மை கேட்டால், அந்த அட்டையிலேயே ஒரு துண்டு வெட்டி, விரலால் மையைத் தொட்டு இழுத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டி, அப்புறம் உள்ளே டியூப்லைட் அடியிலும் காட்டி, பார்ட்டி சரி என்ற பிறகுதான் மெஷினில் ஏற்றுவது. சிவப்பு வகை மை பச்சை அட்டையில் வேண்டாம், பச்சை மை ரோஸ் அட்டையில் வேண்டாம். ரொம்பப் பிடிவாதமாகக் கேட்டால் ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே மை கனமாக ஏறி அடியை மறைக்கும்.

மறுபதிப்போ அடுத்த பாகமோ செய்கிறவர்களுக்கு ஒன்று. ஒரே புத்தகத்தின் இரண்டாம் பாகம் அடித்தோம், அட்டையில் அதே கருப்பு, அதே கணக்கு, ஆனால் டப்பா வேறு கம்பெனி. தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல கருப்பு. அலமாரியில் சேர்த்து வைத்தால் ஒன்று நீலம் ஓடுகிறது, ஒன்று பழுப்பு ஓடுகிறது. கரிக்கு இயல்பாகவே லேசான பழுப்பு சாயல் உண்டு, அதை மறைக்க மை செய்கிறவர்கள் கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள், அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போதாததற்கு முதல் பாகத்துக்கு பளபளப்பான கிளாஸ் லேமினேஷன், இரண்டாவதற்கு பளபளப்பில்லாத மேட். மேட் போட்டால் மேற்பரப்பு வெளிச்சத்தைச் சிதறடித்துக் கருப்பை ஒரு படி வெளுப்பாக்கும், விரல் ரேகையும் அப்படியே விழும். இப்போது ஒவ்வொரு கருப்பு அட்டை வேலையிலும் ஒரு தாளை எடுத்து, பின்னால் மை பெயர், அடிக்கலர் கணக்கு, தாள், லேமினேஷன், தேதி எழுதி பீரோவில் வைக்கிறேன். திரும்ப வேலை வந்தால் ஃபைலைத் தேடுவதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் எடுப்பேன்.

மண்டி அண்ணாச்சி அடுத்த வருஷம் வந்தார். செலவைக் குறைக்க இந்தத் தடவை ஒரே கலர் போதும், ஆனால் கருப்பு மங்கலமாக இல்லை, வெளிர் நீலத்தில் போடு என்றார். ஜெராக்ஸ் எடுத்தால் மங்கிப்போகுமே அண்ணாச்சி என்றேன், பரவாயில்லை என்றார். அடித்துக் கொடுத்தேன். நாலு மாதத்தில் பாதி புக் மீதி இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். ஆடிட்டர் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்தால் கட்டமும் இல்லை, கடைப் பெயரும் இல்லை, கையால் எழுதின எண்கள் மட்டும் வெள்ளைத் தாளில் மிதக்கின்றன என்று திட்டினார்களாம்.

"கருப்புலயே போட்டுரு தம்பி. சிவப்பு வேண்டாம், சாமி படமும் கருப்புலயே இருக்கட்டும். ஒரு கலர்தான?"

"ஒரு கலர்தான் அண்ணாச்சி" என்று சொல்லி ரேட் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டார்.